என் நிக்கல் காசை எடுத்தது யார்?

நேற்று ரங்கூன் பசுந்தாங் பேட்டையில் ஒரு சாவு வீட்டில், ஒரே ஒரு காசு கிடைக்காமல் எல்லோரும் திண்டாடினார்கள்.

இறந்தவர் நெற்றியில் சந்தனம் வைத்து அதன் மேல் ஒட்டுவதற்குத்தான். இந்த ஊரில் காசுக்கு எங்கே போவது? இங்கே புழக்கத்தில் இருப்பதெல்லாம் நோட்டு.

"நோட்டையே சின்னதா மடிச்சு ஒட்டிட்டா என்ன?" என்றார் ஒருவர்.

"மேல ஃபேன் ஓடுது. பறந்து போனா நீ போய்ப் பிடிப்பியா?" என்றார் இன்னொருவர்.

(சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது. நான் சிரிக்கவில்லை. குனிந்துகொண்டேன்.)

பக்கத்தில் இருந்த என் நாத்தனார் கமலா, மெதுவாக என் காதில் சொன்னாள்.

"அண்ணனுக்கும் இதே கதைதான அண்ணி. கடைசில உங்க காசு ஆல்பத்துல இருந்து ஒண்ணை எடுத்துதான ஒட்டினோம்."

சட்டென்று நிமிர்ந்தேன்.

"எதை எடுத்தே?"

"பொம்பள தலை போட்டது. பின்னாடி பெருசா வி இருக்குமே."

"மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"அந்த நேரத்துல உங்ககிட்ட எதைச் சொல்ல முடிஞ்சுது? அப்புறம் மறந்தே போச்சு. ஏன், பெரிய காசா அது?"

பெரிய காசா என்று கேட்கிறாள்.

நான் சேர்ப்பது அமெரிக்க நிக்கல் காசுகள். ஐந்து சென்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடித்தவை மட்டும். அதற்குப் பின் வந்தவற்றை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

கமலா சொன்னது 1883ஆம் வருடத்துக் காசு. அந்த வருடம் முதலில் அடித்தவற்றில் ஐந்து என்பதற்கு ரோமன் எழுத்தில் வி மட்டும் போட்டார்கள். சென்ட்ஸ் என்ற சொல்லைப் போடாமல் விட்டுவிட்டார்கள். சில எத்தர்கள் அதற்குத் தங்க முலாம் பூசி ஐந்து டாலர் என்று கடைக்காரர்களை ஏமாற்றினார்கள். அதே வருடம் அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டார்கள். (ஒரு சொல்லை விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் கான்வென்ட் சிஸ்டர்கள் அடித்துச் சொல்லித் தந்ததை, ஒரு அரசாங்கத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை.)

திருமணமான வருடம் என் கணவர் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கிக் கொடுத்தது அது. என் முதல் காசு.

அவருடைய கருமாதி முடிந்து ஆல்பத்தைத் திறந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது.

என் ஆல்பத்தைத் தொட அனுமதி உள்ள ஒரே ஆள் சுந்தரம். வெளியே அவருக்கு ஊ சோ வின் என்று பர்மியப் பெயர். ஊரின் இன்னொரு பேட்டையான க்யிம்யிண்டைங்கில் கடிகாரம் பழுது பார்ப்பவர், அவரும் காசு சேர்ப்பவர். இருபது வருடங்களாக ஞாயிறுதோறும் பூதக்கண்ணாடியோடு வந்துகொண்டிருந்தார்.

வேறு யார் எடுத்திருக்க முடியும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்பது என் கௌரவத்துக்குக் குறைவு என்று எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது உடம்பு சரியில்லை என்று கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும் அதையே சொன்னேன். பிறகு அவர் வரவில்லை.

நேற்று சாவு வீட்டில், எதிர் மாடியிலிருந்து ஒரு இந்திய ரூபாய்க் காசு வந்து சேர்ந்தது. காரியம் நடந்தது. நான் என் கணவரைக் கிடத்தியிருந்த நாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் முகத்தைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். நெற்றியில் ஒரு காசு இருந்தது தெரியும். எந்தக் காசு என்று பார்க்கவில்லை.

அவர் கொடுத்தது அவரோடு போயிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் வருத்தம் முழுவதும் க்யிம்யிண்டைங்கில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சுந்தரத்துக்கு ஃபோன் செய்தேன். இன்று காலை வந்தார். இளைத்திருந்தார்.

டீயை வைத்துவிட்டு, "சுந்தரம், அந்த 1883..." என்று தொடங்கினேன்.

"தெரியும்க்கா. அண்ணனுக்கு மாலை போடக் குனிஞ்சப்பவே பாத்தேன். வி மேல தெரிஞ்சுது, சென்ட்ஸ் இல்ல. திக்குனு ஆச்சு. உங்க உசிரையே வச்சு அனுப்பிட்டீங்களேன்னு பாத்தவங்ககிட்டல்லாம் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன். அப்புறம் நீங்க கதவைத் திறக்கலியா, சரி, இனி அக்காவுக்குக் காசே பிடிக்கலபோலன்னு விட்டுட்டேன்."

நான் அவரைத் திருடன் என்று நினைத்த மூன்று வருடமும், அவர் என்னை உத்தமி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்படியே விட்டிருக்கலாம். அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் எனக்குச் சேராத பாராட்டை நான் பள்ளிக்கூடத்திலேயே வாங்கியதில்லை.

"அதை வச்சது நான் இல்ல, கமலாதான். எனக்கே நேத்துதான் தெரியும். இத்தனை நாளா நீங்க எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். என்னை மன்னிக்கணும்."

டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

"நானா?"

"ஆமா."

"அந்தக் காசையா?"

எழுந்து போய் ஆல்பத்தை எடுத்து வந்து, என் முன்னால் விரித்தார்.

"அக்கா, அந்தக் காசு வந்ததுமே அமெரிக்காக்காரன் ஆளாளுக்கு எடுத்துப் பதுக்கிட்டான். இன்னிக்கும் மலிவாக் கிடைக்கும். இதோ, முன்னால கேடயம், பின்னால அஞ்சைச் சுத்திக் கதிர் போட்டு, 1866, இவ்வளவு சுத்தமா ஒண்ணு முதல் பக்கத்துலயே உக்காந்திருக்கு. இதை விட்டுட்டு அதையா எடுப்பேன்? இருபது வருஷத்துல என் கண்ணைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதானா?"

திருடன் என்று நினைத்ததற்கு ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. மலிவான காசைத் திருடுவார் என்று நினைத்ததற்கு மதியச் சாப்பாடு வரை திட்டினார்.

அத்தனையையும் கேட்டுக்கொண்டேன். மூன்று வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக ஒரு காலைப்பொழுது எனக்குப் போனதில்லை.