மிலிட்டரிக் கம்பளி

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் மதுரையில் சைக்கிள் வைத்திருந்தவனுக்கு டயர்தான் பெருங்கவலை. புது டயர் கண்ணில் படாது. பழையது கிழிந்தால், உள்ளே இன்னொரு பழைய டயர்த் துண்டை வைத்து ஓட்டிக்கொண்டிருப்போம். அப்படிப்பட்ட காலத்தில்தான் எனக்கும் என் நண்பனுக்கும் சைக்கிளில் வெளியூர் போய் ராத்தங்கி வரவேண்டும் என்ற ஆசை பிடித்தது.

நான் மில் ஆபீசில் குமாஸ்தா. நண்பன் பட்டுநூல்காரர் வீட்டுப் பிள்ளை, மாமாவின் சாயப்பட்டறையில் வேலை. வாசகசாலையில் ஒரு சீமைப் பத்திரிகையில் இரண்டு துரைமார் சைக்கிள் முழுக்கப் பைகளைக் கட்டி, மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்தோம். அதோடு எங்கள் தூக்கம் போயிற்று.

அவர்களிடம் இருந்ததையெல்லாம் வாங்க எங்களால் ஆகாது. எது இல்லாமல் முடியவே முடியாது என்று தினமும் சாயங்காலம் பேசினோம். கூடாரம் வேண்டாம், அழகர்கோவிலில் சத்திரம் இருக்கிறது. அடுப்பும் வேண்டாம், புளியோதரை கட்டிக்கொண்டால் போதும். விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரன் பிடிப்பான். மண்ணெண்ணெய் கிடைக்காத நேரம் என்பதால் இருவருக்கும் சேர்த்து ஒரே விளக்கு, அதை வைத்திருப்பவன் முன்னால் போகவேண்டியது. பம்பு அவனுடையது. பஞ்சருக்குச் சொல்யூஷனும் ரப்பர்த் துண்டும் என்னுடையவை. சைக்கிளின் முக்கோணத்துக்குள் அடங்குகிற மாதிரி, சாயம் சரியாகப் பிடிக்காமல் ஒதுக்கிய முரட்டுத் துணியில் அவன் அம்மா பை தைத்துக் கொடுத்தார். அதில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, கரியடுப்பு அனலில் காட்டினான். தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம், உருண்டு ஓடியது. துரைமார் பையைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றியது.

படுக்கைதான் பாக்கி. என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளத்தை எடுத்து வைத்தாள். "இதைக் கட்டிக்கிட்டுப் போனா கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி இருக்கும்" என்றேன். பளுவைக் காரணமாகச் சொன்னாலும், படத்தில் இருந்தவர்களைப் போலத் தெரியவேண்டும் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை.

பழைய சாமான் கடையில் எனக்கு வேண்டியது கிடைத்தது. சாம்பல் நிறக் கம்பளி, ஓரத்தில் சிவப்புப் பட்டை. "மிலிட்டரிச் சரக்கு தம்பி. உங்க பேரன் காலம் வரைக்கும் ஒழைக்கும்" என்றார் கடைக்காரர். ஒரு மூலையை மடித்துக் கறுப்பு நூலால் முரடாகத் தைத்திருந்தார்கள். பூச்சி அரித்ததை ஒட்டுப்போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். விலை மலிவு. ஒருநாள் வெயிலில் காயப்போட்டதோடு சரி.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் கிளம்பினோம். கம்பளியைச் சுருட்டி ஹேண்டில்பாரில் கட்டியிருந்தேன். வழியில் புளியமரத்தடியில் நின்றவர்கள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒரு தடவை நண்பனின் டயர் இறங்கியது. ரப்பர்த் துண்டை ஒட்டி, கஞ்சிரா மாதிரி தட்டித் தட்டிச் சரிசெய்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அழகர்கோவில் சத்திரத்தை அடைந்தோம்.

எங்களுக்குப் பக்கத்தில் காடுகரை பார்க்கும் ஒரு சம்சாரிக் குடும்பம் இறங்கியிருந்தது. மறுநாள் குழந்தைக்கு முடியிறக்க வந்தவர்கள். புருஷன், மனைவி, ஏழெட்டு வயசில் ஒரு பெண், கைக்குழந்தை. மலைக்காற்று சில்லென்று வீச, வெறுந்தரையில் கிடந்த குழந்தை சிணுங்கியது. நான் எழுந்து கம்பளியை உதறி விரித்தேன்.

"இதுல போடுங்கம்மா. மிலிட்டரிக் கம்பளி, குளிர் அண்டாது."

"ஒங்களுக்கு வேணாமாண்ணே?"

"நாங்க அப்புறமாப் படுத்துக்கிறோம்."

குழந்தை அதில் கையைக் காலை உதைத்துச் சிரித்தது. சத்திரத்தில் இருந்தவர்கள் கம்பளியைத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கே வாங்கினோம், பையை எப்படித் தைத்தோம் என்றெல்லாம் நான் பெரிய சவாரிக்காரனைப் போல விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பெண், மூலையில் நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு நூலைப் பிடித்து இழுத்துவிட்டாள். மடிப்பு பிரிந்தது. உள்ளே சிவப்பு நூலில் இங்கிலீஷ் எழுத்துகள்.

"இது என்ன மாமா போட்டிருக்கு?"

லாந்தர் வெளிச்சத்தில் குனிந்து படித்தேன். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் முதலெழுத்துகள், அதன் கீழே அம்மை வார்டு.

அங்கே வேறு யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே நண்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காதோரம் வந்து, "பட்டாளத்துப் பேருன்னு சொல்லிட்டு மடிச்சு வையி மாப்ள" என்றான். ஒரு மூச்சு நேரம் அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். குழந்தை கம்பளியின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"பிள்ளையத் தூக்கும்மா" என்றேன். "இது ஆஸ்பத்திரிக் கம்பளி. அம்மை கண்டவங்களுக்குப் போர்த்துறது. சத்தியமா எனக்குத் தெரியாது."

அந்தத் தாய் போட்ட அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. குழந்தையை வாரிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். சற்று முன் கம்பளியைத் தடவிப் பார்த்தவர்கள் எல்லாம் கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டு விலகி நின்றார்கள். புருஷன் என் சட்டையைப் பிடிக்க வந்து, என்னைத் தொடவும் பயந்து நின்றுவிட்டான்.

"படிச்சவன்தானய்யா நீ? எங்க கெடந்ததுன்னு கேட்டு வாங்க மாட்டியா?"

சத்திரத்து மணியக்காரர் தள்ளி நின்றே, "தம்பி, கோவிச்சுக்கிறாதீக, வெளியே போயிருங்க" என்றார். அவர் மரியாதையாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தலையை நிமிர்த்தாமல் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தோம். கிணற்றடியில் அவள் குழந்தையின் உடம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது வீறிட்டு அழுதது. அம்மை குத்தியாயிற்றா என்று கேட்கவேண்டும் என்று நினைத்தேன். எந்த முகத்தோடு கேட்பது? நண்பன்தான் அவள் புருஷனிடம் போய் அதைக் கேட்டு, இன்னும் குத்தவில்லை என்று தெரிந்து, நாளைக்கே குத்தச் சொல்லிவிட்டு, அவர்கள் ஊரையும் விசாரித்து வந்தான்.

சருகு கூட்டிக் கம்பளியைக் கொளுத்தினோம். லேசில் எரியவில்லை. மயிர் பொசுங்கும் நாற்றம் சத்திரம் வரைக்கும் போயிருக்கும். ஒரு வேப்பமரத்தடியில் வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் சாமி கும்பிடாமலே திரும்பினோம். நண்பன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவனும் அந்தக் கம்பளியைத் தொட்டவன்தான்.

அதன் பிறகு நான் ஆபீசில் சரியாக வேலை பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் அந்த ஊருக்குத் தனியாக மிதித்துப் போனேன். வீட்டை விசாரிக்கும்போதே தெருவில் இருந்தவர்களுக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது. "கம்பளிக்காரரு வந்திருக்காரு" என்று ஒருவன் ஓடினான். திரும்பிப் போய்விடலாமா என்று சைக்கிளைத் திருப்பவும் செய்தேன். அதற்குள் குழந்தையின் தாய் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பிள்ளை..." என்றேன்.

"நல்லாத்தான் இருக்கான். இதைக் கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"ஆமாம்மா."

உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்தாள். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று, சட்டையை விலக்கிப் புஜத்தைக் காட்டினாள். அம்மை குத்திய இடம் பொருக்குத் தட்டியிருந்தது. முகத்தில் கொப்புளம் எதுவும் இல்லை. நான் ஓரடி முன்னால் வைத்ததும் அவள் ஓரடி பின்னால் போனாள். நான் தெரியாமல் செய்ததுதான், அவளுக்கும் அது தெரியும். இருந்தும் கால் தானாகப் பின்வாங்கியது. அதைப் பார்த்து அவளுக்கே சங்கடமாகிவிட்டது.

"வெயில்ல வந்திருக்கீக. மோரு குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள்.

மகள் சொம்பில் கொண்டுவந்தாள். குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். அவள் உயரத் தூக்கி ஊற்ற ஊற்றக் குடித்தேன். உப்புப் போட்ட மோர், நல்ல புளிப்பு. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "வாரேன்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளினேன். தெரு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். ஊர் எல்லை தாண்டும்வரை சைக்கிளில் ஏறி உட்கார எனக்குத் துணிவு வரவில்லை.