அஞ்சு கட்டை அப்பாத்துரை

பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி போகிற சாலையில் அந்தக் காலத்தில் பத்துக் கருப்பட்டி வண்டி போனால் அதில் நாலு அப்பாத்துரையின் வண்டியாக இருக்கும். பத்து வயதில் தலைச்சுமையாகக் கருப்பட்டிப் பெட்டி தூக்கி நடந்தவர். மூன்றாம் வகுப்பில் கீழே வைத்த சிலேட்டை அப்புறம் கையில் எடுக்கவே இல்லை. நாற்பது வயதுக்குள் நாலு சோடி மாடு, ஓட்டு வீடு, ஊர்க் கூட்டத்தில் முன்வரிசை. ஒருவரும் தூக்கிவிடவில்லை, எல்லாம் சொந்தக் கையும் காலும் சம்பாதித்தது. படித்தவர்களே அவரிடம் வந்து யோசனை கேட்டுப் போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மாட்டையும் வீட்டையும்விட அவருக்குப் பெரிய சொத்து தொண்டைதான். மாட்டை அதட்டியும் எதிர்வண்டிக்குக் குரல் கொடுத்தும் முறுக்கேறிய தொண்டை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுப்பது அவர். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். குருவானவர் பாட்டின் பேரைச் சொன்னதும் இருநூறு பேரும் மேற்குத் தூணோரம் நிற்கிற அப்பாத்துரையைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிக்காகவே வாரத்தில் ஆறு நாள் அவர் வண்டியோட்டினார் என்று சொன்னாலும் பொய்யில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அந்த நொடிக்கு ஒரு பங்காளி வந்தான்.

பேர் இன்பமணி. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார், வயது இருபத்திரண்டு, மீசைகூடச் சரியாக அடர்ந்திருக்கவில்லை. வரும்போதே ஒரு ஆர்மோனியப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அதுவும் அப்பாத்துரையின் வண்டியில். வைக்கோல் பரப்பி, குலுங்காமல், அவரே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அதை நினைத்து நினைத்துப் பிறகு எத்தனையோ நாள் வயிறெரிந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே வினை தொடங்கிவிட்டது. அப்பாத்துரை வழக்கம்போலப் பாட்டை எடுத்தார். வாத்தியார் கட்டைகளைத் தடவித் தடவி அவர் குரலைத் தேடினான். குரலோ இரண்டு கட்டைக்கு நடுவே எங்கேயோ நின்றது. பெட்டி ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாக இழுத்தன. ஆராதனை முடிந்ததும் குருவானவர் அவரைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் வாத்தியார் முதலில் சுருதி கொடுக்கட்டும், அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் எடுங்கள் என்று பக்குவமாகச் சொன்னார். அப்பாத்துரை தலையை ஆட்டிவிட்டு வந்தார். மறுவாரம் வாய் திறக்கவில்லை. முதல் அடியை வாத்தியாரே எடுத்தான். இருநூறு தலையும் பெட்டிப் பக்கம் திரும்பின.

அன்று வீட்டில் அவர் மனைவி சாரம்மாள் குழம்புக்கு அரைத்துக்கொண்டே அந்தப் பாட்டை முனகினாள். பதினெட்டு வருஷம் இவர் பாடிய பாட்டுகளில் ஒன்றை அவள் அம்மியடியில் முனகி இவர் கேட்டதில்லை.

"என்னடி, இன்னைக்குத் தொண்டை தொறந்துட்டு?" என்றார்.

"வாத்தியார் எடுக்குறது நமக்கும் எட்டுது. நீங்க எடுத்தா நாங்க வாயைத்தான் அசைப்போம்" என்றாள் அவள், குழவியை நிறுத்தாமல்.

அப்பாத்துரை சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் மத்தியானம், பிள்ளைகள் போன நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். கருப்பட்டிப் பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, கட்டை கட்டை என்கிறீரே அது என்ன கணக்கு என்று கேட்டார். வாத்தியார் பெட்டியைத் திறந்து காட்டினான். இந்த முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்த வெள்ளை இரண்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்கிற கறுப்பு இரண்டரை. எந்தக் கட்டையில் ஸட்ஜம், அதாவது முதல் சுரமான 'ஸ', நிற்கிறதோ அதுதான் அந்தப் பாட்டின் தரை. சபைக்கு இரண்டரைதான் வைத்திருக்கிறேன் என்றான். பிறகு இவரைப் பாடச் சொல்லி, கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனான். ஓரிடத்தில் பெட்டியும் குரலும் ஒட்டிக்கொண்டன. அப்பாத்துரைக்கு முதுகு சிலிர்த்தது.

"அண்ணாச்சிக்கு அஞ்சு கட்டை" என்றான் வாத்தியார்.

அஞ்சு. அந்த எண்ணைத் தவிர வேறொன்றும் அவர் காதில் ஏறவில்லை. தரை, ஸட்ஜம் எல்லாம் காற்றோடு போயிற்று. மூட்டை தூக்குகிறவருக்கு எண் என்றால் பளு. அவன் தூக்குவது இரண்டரை, இவர் தூக்குவது அஞ்சு. சரியாக இரட்டிப்பு. அதை வாத்தியாரே தன் வாயால் ஒப்புக்கொண்டும் விட்டான். மறுநாளே சாலை நெடுக, வண்டி நின்ற இடத்திலெல்லாம் செய்தியைச் சொன்னார். "அஞ்சு கட்டை அண்ணாச்சி" என்று ஊர் கூப்பிட ஆரம்பித்தது. சிலர் சிரித்துக்கொண்டு கூப்பிட்டார்கள். அது அவருக்குத் தெரியாது.

அந்த வருஷத்து அசனப் பண்டிகை வந்தது. ஊரே ஒன்றாக உட்கார்ந்து கறியும் சோறும் சாப்பிடுகிற நாள். சுற்றுவட்டாரத்து நாலு சபையும் வரும். அன்றைக்கு முதல் அடி யாருடையதோ, வருஷம் முழுக்கப் பேர் அவனுடையது. அப்பாத்துரை முதல்நாளே வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு நான் எடுக்கிறேன், பெட்டியை அஞ்சில் வையும் என்றார்.

வாத்தியார் தயங்கினான். "பல்லவி தாழத்தான் கிடக்கும் அண்ணாச்சி. அனுபல்லவி ஏறும். சரணம் இன்னும் மேல போவும். அஞ்சுல வச்சா சனம் ஏறாதே."

"ஏறாதவன் கீழ நிக்கட்டும் வே. உம்ம ரெண்டரையைத் தூக்கி அடுப்புல வையும்."

மறுநாள் கோயில் நிரம்பி, சன்னலுக்கு வெளியேயும் ஆள் நின்றது. பெட்டி அஞ்சு கட்டையில் முழங்கியது. அப்பாத்துரை எடுத்தார். அந்தப் பல்லவியைக் கேட்டவர்கள் பிற்காலத்திலும் சொல்லுவார்கள், கோயில் ஓடு அதிர்ந்தது என்று. வேற்றூர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாத்துரை ஓரக்கண்ணால் வாத்தியாரைப் பார்த்தார். அவன் குனிந்து துருத்தியை அசைத்துக்கொண்டிருந்தான்.

அனுபல்லவியில் ஆண்களில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். முதல் சரணத்தில் பெண்கள் பக்கம் கிறீச்சென்று இழுத்து அடங்கியது. இரண்டாம் சரணத்தில் பாடினவர் அப்பாத்துரை ஒருவர்தான். முதலில் அது அவருக்கு வெற்றியாகவே இருந்தது. அப்புறம் அவர் கண் சாரம்மாளிடம் போயிற்று. அவள் வாயை மூடிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயசைப்புக்கூட இல்லை. அத்தனை பேரும் சும்மா நிற்கிற கோயிலில் தன் குரல் மட்டும் அலைவதை அவர் அன்றைக்குத்தான் கேட்டார். கடைசிச் சரணத்தின் உச்சியில் கழுத்து நரம்பு புடைத்தது. குரல் கீறி, அறுந்தது.

யாராவது சிரிக்கத் தொடங்குமுன் ஆர்மோனியம் பேசியது. வாத்தியார் கண் இமைக்கும் நேரத்தில் கையை இரண்டரைக்கு இறக்கி, அதே பல்லவியை அங்கே வாசித்தான். வாயைத் திறக்கவில்லை, வாசிக்க மட்டும் செய்தான். பாதி அடி போவதற்குள் பெண்கள் சேர்ந்தார்கள், பிறகு ஆண்கள், பிறகு சன்னலுக்கு வெளியே நின்றவர்கள். கோயில் முழுக்க ஒரே குரலாயிற்று.

அப்பாத்துரை காதைக் கொடுத்துக் கேட்டார். கீழே இறங்கியும் அது அதே பாட்டுத்தான். ஏணியைத் தரையில் சாத்தினாலும் மேட்டில் சாத்தினாலும் படிக்குப் படி இடைவெளி மாறுமா? அது போல. அஞ்சு என்பது அவர் ஏணியை வைத்த மேடு, அவ்வளவே. ஏறின பலம் அதில் ஒன்றுமில்லை. சின்னப் பயலுக்குத் தெரிந்தது தனக்கு இத்தனை காலம் தெரியவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. தன்னைக் காப்பாற்றினவனும் அவனே என்பது இன்னும் எரிந்தது. அன்று அசனத்தில் அவருக்குக் கறி இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் இரண்டரைக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். பாடவில்லை. குருவானவர் பார்த்தார், சபை பார்த்தது. சுருதி மட்டும் நீண்டுகொண்டே இருந்தது. எல்லாத் தலையும் பைய மேற்குத் தூண் பக்கம் திரும்பின. அப்பாத்துரை தொண்டையைச் செருமினார். பெரிய மாட்டைச் சின்ன நுகத்தில் பூட்டுவது போலிருந்தது. ஆனாலும் அந்தச் சுருதியைப் பிடித்து முதல் அடியை எடுத்தார். சாரம்மாள் பாடினாள்.

வெளியே வந்ததும் வாத்தியாரை மடக்கினார்.

"இன்னா பாரும் வே. கட்டையைத் தொடுறது உம்ம வேலை. வாயைத் தொறக்கப்படாது. மொத அடி என்னுது."

"ஆகட்டும் அண்ணாச்சி" என்றான் இன்பமணி.

நாலு வருஷம் அப்படியே நடந்தது. நாலு வருஷமும் அப்பாத்துரைக்கு அவனைக் கண்டால் ஆகாது. இன்பமணிக்கு நாங்குநேரிப் பக்கம் மாற்றலானபோது சபைக்காரர்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவன் பெட்டியைச் சபைக்கே கொடுத்துவிட்டுப் போனான். போகிற அன்று அப்பாத்துரை கிளிஞ்சல் சுண்ணாம்பை விரலில் எடுத்துவந்து நீட்டி, எந்தக் கட்டை என்று கேட்டார். வாத்தியார் காட்டிய கறுப்புக் கட்டையில் ஒரு பொட்டு வைத்தார்.

பிறகு வந்த வாத்தியாருக்கும் ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமையே அப்பாத்துரை பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, சுண்ணாம்புப் பொட்டு வைத்த அந்த ஒரு கட்டையை மட்டும் தன்னைத் தவிர யாரும் முதலில் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வாத்தியார் துருத்தியை அசைக்க, ஒரு விரலால் அதை அழுத்தினார், பாட்டை எடுத்தார்.