கமாவுக்கு முழு கோர்ட் கிடைத்த கதை

அவளுக்கு கமா என்று பெயர் வைத்தது பள்ளிக்கூடம். நடக்கும்போது இரண்டு அடிக்கு ஒருமுறை இடது பக்கம் லேசாக இறங்கி, ஒரு கணம் நின்று, பிறகு எழுவாள். கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்பு எலும்பில் சீழ் பிடித்ததில் இடது கால் குட்டையாகவே நின்றுவிட்டது. வகுப்பில் பாதிப் பேர் இலக்கணப் பாடத்தில் தூங்கியவர்கள்தான். இருந்தாலும் நிறுத்தக்குறியை மட்டும் எப்படியோ படித்து, உரிய இடத்தில் பயன்படுத்தியும் விட்டார்கள். கல்வி வீண்போவதில்லை.

அம்மா தையற்காரி. கோணலை மறைப்பதில் பேர் வாங்கியவர். தோள் இறங்கியவருக்கு உள்ளே பஞ்சு, தொப்பை விழுந்தவருக்குப் பக்கவாட்டில் மடிப்பு. அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஒரு கோணல் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? மகளின் பேண்ட்டில் ஒரு காலை மட்டும் தூக்கித் தைத்தார். இடது ஷூவுக்குள் தக்கை வைத்தார். துணியும் தோலும் முடிந்தபின் மகளையே தைக்க ஆரம்பித்தார். குடியிருப்பின் வராந்தாவில் தினமும் பயிற்சி. இடுப்பை இறுக்க வேண்டும், வலது முழங்காலைச் சற்றே மடக்க வேண்டும், அடியைச் சின்னதாக வைக்க வேண்டும். முகத்தில் எதையும் காட்டக் கூடாது. கடைசிப் பாடம்தான் கஷ்டம். அப்படி நடந்தால் இடுப்புக்குள் யாரோ ஊசி மாற்றுவது போல வலிக்கும்.

"நேரா நட." இந்த இரண்டே வார்த்தைதான் பாடத்திட்டம். நாளாக ஆக, அது காதில் விழுந்தாலே அவளைக் கேட்காமல் இடுப்பு இறுகிக்கொண்டது.

ஒரு வராந்தா நீளத்துக்கு மேல் அந்த நடை தாங்காது. ஆனால் உலகம் ஒருத்தியை எடைபோட அவ்வளவு தூரம் போதும் என்பது அம்மாவின் கணிப்பு. செருப்புக் கடை வேலை அப்படித்தான் கிடைத்தது. வாசலிலிருந்து முதலாளியின் மேசை வரை நடந்தாள், அமர்த்திவிட்டார். மறுநாள் சாயங்காலம்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"ஏம்மா, காலு எப்ப இப்படி ஆச்சு?"

"சின்னக் குழந்தையா இருந்தப்பவே சார்."

"அப்ப இன்டர்வியூ அன்னைக்கு?"

"அன்னைக்கு நல்லா நடந்தேன் சார்."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல மனிதர், வேலையை விட்டு அனுப்பவில்லை. "சரி, ஸ்டூல்ல உக்காந்து அளவு மட்டும் எடு. எந்திரிச்சு நடக்காத. நம்ம கடைச் செருப்புதான் கடிக்குதுன்னு ஜனங்க நெனச்சிருவாங்க" என்றார்.

அந்த ஸ்டூலுக்கு எதிரே ஒருநாள் ஒரு பேட்மின்டன் கோச் வந்து உட்கார்ந்தார். ஒரு கை முழங்கையோடு முடிந்த மனிதர். அதனாலோ என்னவோ, அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேசுவதில் கூச்சமே கிடையாது. அவள் எழுந்து அலமாரிக்குப் போய் ஒரு ஜோடியை எடுத்து வருவதைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, நொண்டியா?"

மணி என்ன என்று கேட்பது போலத்தான் கேட்டார். அவளுக்குக் கோபம் வரவே ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஏன் சார், அளவு எடுக்கறதுக்கு அது தெரியணுமா?"

"அட, சந்தோஷத்துல கேக்குறேன்மா. பேட் புடிக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."

மாற்றுத்திறனாளிகள் பேட்மின்டனில் ஒரு ஏற்பாடு உண்டு. காலில் குறை அதிகமாக உள்ளவர்கள் ஒற்றையர் ஆட்டத்தில் கோர்ட்டின் பாதி அகலத்தில் ஆடினால் போதும். குறை கொஞ்சமாக உள்ளவர்களுக்கு முழு அகலம். யாருக்கு எது என்று ஒரு குழு பரிசோதித்துச் சொல்லும். அதாவது, உலகத்திலேயே 'எனக்கு முடியவில்லை' என்று ஒளிக்காமல் காட்டினால் மரியாதை கிடைக்கும் ஒரே அறை அது.

பாதி கோர்ட்டில் அவள் ராணி. ஓட வேண்டியது முன்னும் பின்னும்தான். மீதியை மணிக்கட்டு பார்த்துக்கொண்டது. ஓங்கி அடிப்பது போலக் கையைக் கொண்டுபோய், கடைசி நொடியில் ஷட்டிலை வலையை ஒட்டிச் செத்த பூச்சி மாதிரி விழவைப்பாள். எல்லாவற்றையும்விட, அங்கே அவள் இடுப்பு இஷ்டப்படி ஏறி இறங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தன் சொந்த நடையில் நடந்தாள். மாநிலம் ஜெயித்தாள், தேசியப் போட்டியில் ஜெயித்தாள். அம்மா ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை.

"பாதி கோர்ட்ல ஆடறதப் பாக்க எதுக்குடி முழு டிக்கெட்டு?" என்றார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "உடம்பு போடுதுன்னு சும்மா விளையாடுறா" என்று முடித்துக்கொண்டார்.

பிறகு சர்வதேசப் போட்டி வந்தது. அதில் ஆட சர்வதேசக் குழு பரிசோதிக்க வேண்டும். பாதி கோர்ட் என்று சொன்னால் அவளுக்கு அணியில் இடம் நிச்சயம். முழு கோர்ட் என்றால் அந்த ஒரு போட்டியோடு கதை முடிந்தது; அந்தப் பிரிவில் ஓடுகிறவர்களை இவள் டி.வி.யில்தான் பிடிக்க முடியும். வெளியூர் என்பதால் துணைக்கு அம்மாவும் வந்தார்.

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும் உங்கம்மா பொண்ணா இருக்காத. இருக்கறத அப்படியே காட்டு" என்று கோச் சொல்லி அனுப்பினார்.

காட்டினாள். வெறுங்காலோடு கட்டிலில் படுக்கவைத்து டேப்பால் அளந்தார்கள். காலைத் தள்ளச் சொன்னார்கள், தூக்கச் சொன்னார்கள், நடக்கவிட்டார்கள், ஷட்டில் அடிக்கவிட்டார்கள். ஒன்றையும் ஒளிக்காமல் முடித்து, ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே நீளமான வராந்தா. பெஞ்சில் அம்மா. சுற்றிலும் பல நாட்டு விளையாட்டுக்காரர்கள், அவர்களுடன் வந்தவர்கள். அத்தனை பேர் நடுவில் மகள் இறங்கி இறங்கி வருவதை அம்மா பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல், பழைய இரண்டு வார்த்தைகளைச் சொன்னார்.

இடுப்பு இறுகியது. வலது முழங்கால் மடங்கியது. அந்த வராந்தாவை அவள் நூல் பிடித்தது போல நடந்து முடித்தாள். மறுமுனையில் குழுத் தலைவரான டாக்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நடையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அவரும் சொல்லவில்லை, பாட்டிலை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

முழு கோர்ட் என்று முடிவு வந்தது. கூடவே ஒரு வரி: பரிசோதனையின்போது உண்மையான திறனைக் காட்டவில்லை. கோச் குதித்தார். மறுபடி கேளுங்கள் என்று வாதாடி, தாயையும் மகளையும் உள்ளே கூட்டிப்போனார்.

"நான் நடிச்சது வெளியில சார், உள்ள இல்ல" என்றாள் அவள்.

டாக்டர் பொறுமைசாலி. "கால் குட்டைங்கறது டேப்லயே தெரியுது. அதுல சந்தேகம் இல்ல. இடுப்புல எவ்வளவு பலம் இருக்குங்கறதுதான் கேள்வி. ரெண்டு நடை பாத்தோம். எது நடிப்புன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மாவக் கேளுங்க. அவங்கதான் சொல்லிக்குடுத்தாங்க."

டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு சின்ன வயசுல இருந்தே நொண்டிதான் நடப்பாங்களா? நேரா நடக்கறது பழக்கினதா?"

"யாரு? எம்பொண்ணா?"

"ஆமா."

"நொண்டின்னு எவன் சொன்னான்?"

"அம்மா" என்றார் கோச், "உண்மையச் சொல்லுங்க. இது அவ வாழ்க்கை."

"அதத்தான் தம்பி நானும் பாக்குறேன்." அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "எம்பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லீங்க டாக்டர். நீங்களே கண்ணால பாத்தீங்கல்ல?"

டாக்டர் பார்த்திருந்தார். முடிவு மாறாது என்று சொல்லிக் கோப்பை மூடினார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "ஏம்மா?"

"அத்தன பேரு முன்னாடி உன்ன நொண்டின்னு சொல்லணுமா?"

"ஆமா. சொல்லணும்."

"பெத்தவ வாயால வராதுடி."

அம்மாவுக்கு அன்று முகமெல்லாம் வெளிச்சம். இத்தனை வருஷ உழைப்பை சர்வதேசக் குழுவின் டாக்டரே ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டிருக்கிறார்; எந்தத் தையற்காரிக்கு அப்படி ஒரு பாராட்டு கிடைக்கும்?

மறுநாள் முழு கோர்ட்டில் ஆட்டம். எதிரே நின்ற பெண்ணுக்கு விஷயம் பிடிபட நான்கு ஷட்டில் ஆயிற்று. பிறகு இடது மூலை, வலது மூலை, மறுபடி இடது மூலை என்று மாற்றி மாற்றிப் போட்டாள். கமாவின் மணிக்கட்டு அதே மணிக்கட்டுதான், ஆனால் ஷட்டில் விழும் இடத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. கோச் ஒரு கட்டத்துக்கு மேல் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா மட்டும் பார்வையாளர் வரிசையில் முன்னாடியே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கைப் பெண்ணைத் தட்டிக் காட்டினார்.

"அந்தப் பக்கம் நிக்கிறா பாருங்க, அதான் எம்பொண்ணு. எவ்வளவு பெரிய இடத்துல ஓடுறா பாருங்க."

"ஐயோ, விழுந்துட்டாங்களே!"

"விளையாட்டுன்னா எல்லாருந்தான் விழுவாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கைதட்டினார்.