அரைக்கைச் சட்டை

அழகு நிலையத்தில் அவளுக்குப் பெயர் மின்னல். கத்தரியை எடுத்தால் அப்படி ஒரு வேகம். வாயும் கைக்குச் சளைத்ததல்ல. கடை நாத்தனாருடையது என்றாலும் ஜன்னலோரத்து நாற்காலி அவளுடையது. அந்தப் பக்கம் நாத்தனாரே தலையிட மாட்டார்.

இடுப்பில் சிவப்புத் திட்டுகள் வந்தபோது படர்தாமரை என்றுதான் நினைத்தாள். ஒரு டாக்டர் அலர்ஜி என்றார், இன்னொருவர் எக்ஸிமா என்றார். ஸ்டீராய்டு களிம்பு தடவினால் மங்கும், விட்டால் மறுபடி எட்டிப் பார்க்கும். இப்படியே வருஷங்கள் ஓடி, ஒருநாள் திட்டு முன்னங்கைக்கு வந்துவிட்டது.

தோல் மருத்துவர் துளியளவு தோலை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்று முடிவு வந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"வர்றதுக்கு முன்னாடி ஏதாவது தடவினீங்களா?"

"பின்ன? அசிங்கமா எப்படி டாக்டர்கிட்ட காட்டுறது? விடாம தடவித்தான் வந்தேன். என் தொழிலே அதுதானே!"

மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "திருடனை ஒளிச்சு வெச்சுட்டு போலீஸைக் கூப்பிட்டிருக்கீங்க. ஒரு மாசம் எதையும் தொடாதீங்க. அது நல்லா வெளியில வரட்டும்."

காலமெல்லாம் அடுத்தவர் முகத்துக் கறையை மறைத்துச் சம்பாதித்தவளுக்கு இதைவிடக் கஷ்டமான வைத்தியம் கிடையாது. இருந்தாலும் களிம்பை விட்டாள். திட்டுகளுக்குக் கொண்டாட்டம். கை சிவந்து செதில் உதிர்ந்தது, அரிப்பு உயிரை வாங்கியது. ஒரு வாடிக்கைக்காரி பாதியில் எழுந்து, "வேற யாராவது வெட்டட்டும்" என்றாள்.

நாத்தனார் பின்னறைக்கு இழுத்துப் போனார். "முழுக்கைச் சட்டை போடு. கடை பேரு கெட்டுப்போகுது."

"தலை அலசுறப்போ முழுக்கை நனையும் அண்ணி. அரைக்கைதான் போடுவேன். ஒட்டுற நோயா இருந்தா உங்க தம்பிக்கு எப்பவோ வந்திருக்கணுமே?"

"அப்போ என்னன்னு தெரியற வரைக்கும் நாற்காலிப் பக்கம் வராதே. உள்ள உக்காந்து துண்டு மடி."

மடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தாள். தன் நாற்காலியில் வேறொருத்தி தட்டுத்தடுமாறி முடி வெட்டுவது கதவு வழியாகத் தெரிந்தது. வயிறு எரிந்தது. இந்த இடம் போய்விட்டால் தனக்கு வேறு என்ன இருக்கிறது என்று பயமாகவும் இருந்தது.

மாசம் முடிந்து மறுபடி தோலை எடுத்தார்கள். இந்த முறை குட்டு உடைந்தது.

"இது ஒரு வகை லிம்போமா" என்றார் மருத்துவர். "உடம்பைக் காவல் காக்கிற வெள்ளை அணுக்கள்ல ஒரு வகை கட்டு மீறி தோல்ல பெருகுது. மைகோசிஸ் ஃபங்காய்டிஸ்னு பேரு. பேர்லதான் பூஞ்சை, நோய்ல பூஞ்சை கிடையாது."

"கேன்சரா?"

"ஆமா. அபூர்வமானது, பெரும்பாலும் மெதுவாத்தான் நகரும். உங்களுக்குத் தோலோட நிக்குது. புற ஊதா ஒளி சிகிச்சை ஆரம்பிக்கலாம். அடியோட போயிடும்னு வாக்கு குடுக்க மாட்டேன், அடக்கி வெக்கலாம்."

"ஒட்டுமா?"

"ஒட்டவே ஒட்டாது."

கடைசிப் பதிலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டே நேராகக் கடைக்கு வந்தாள். நல்ல கூட்டம். அரைக்கைச் சட்டையோடு தன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று துண்டை உதறினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எனக்குத் தோல்ல கேன்சர். யாருக்கும் ஒட்டாது. மூலைல உக்கார நான் தப்பு எதுவும் பண்ணலை. அடுத்தது யாரு?"

யாரும் நாற்காலிக்கு வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஹேர் டிரையரைக்கூட யாரோ அணைத்துவிட்டார்கள். அவளும் நகரவில்லை.

கல்லாவிலிருந்து நாத்தனார் எழுந்து வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்தார்.

"நரை தெரியுது. டை போடு."

கண்ணாடியில் மின்னலின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்னல் சட்டைக் கையை இன்னும் ஒரு மடிப்பு மேலே ஏற்றினாள்.

"அசையாம உக்காருங்க அண்ணி" என்றாள்.