காசியம்மாள் வைக்காத தீ

காரிமங்கலம் பக்கத்தில் காசியம்மாள் ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஐம்பத்தாறு வயதில் ஒரு பொய் சொன்னதில்லை என்று பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லையென்று அவளே சொன்னால் அதுதான் முதல் பொய்யாக இருக்கும். புருஷன் போன பிறகு, கொழுந்தன் சென்னப்பனுக்கும் அவளுக்கும் பொதுவான ஆழ்துளைக் கிணற்றில் காற்றடித்துத் தண்ணீர் ஏற்றும் கம்ப்ரசரைப் பதினோரு வருடமாக அவள்தான் ஓட்டினாள்.

அந்தக் கம்ப்ரசர் இருந்த ஓலைக் கொட்டகை போன வாரம் பட்டப்பகலில், கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தபோதே எரிந்து சாம்பலானது.

"செத்தையக் கொளுத்தி வுட்டுட்டுப் போயிருப்பீங்க அண்ணி. பின்ன தீ வானத்துல இருந்தா வந்துச்சு?" என்றான் சென்னப்பன்.

காசியம்மாள் விடவில்லை. தீக்குச்சியைத் தொடவே இல்லை என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள். அப்படியும் அவன் முகம் இளகவில்லை. பொய்ச் சத்தியம் செய்தவள் என்று ஊர் பேசிவிட்டால் அப்புறம் அவளிடம் என்ன மிச்சம்?

மெக்கானிக் மாதவராஜ் வந்து, கருகிய இரும்புக் குழாயைக் கழற்றி உள்ளே பார்த்தார். பிறகு வண்டிப் பெட்டியிலிருந்து, ஒரு பக்கம் அடைத்த தடித்த கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தார். அடியில் துளிப் பஞ்சைப் போட்டு, இறுக்கமான தண்டு ஒன்றை மேலே செருகினார்.

"இதுல நெருப்பு இருக்குதுங்களா?"

"எங்க இருக்குது? பஞ்சுதான கெடக்குது," என்றான் பக்கத்தில் நின்ற சென்னப்பன்.

ஓங்கி ஒரே அமுக்கு. குழாய்க்குள் பளிச்சென்று தீ எரிந்து அணைந்தது.

"அய்யோ ஆத்தா!" காசியம்மாள் இரண்டடி பின்னால் போனாள். சென்னப்பன் நம்பவில்லை. வேறு பஞ்சு போட்டுத் தானே மெதுவாக அமுக்கினான், ஒன்றுமில்லை. வேகமாக அமுக்கினான், பற்றிக்கொண்டது.

"காத்த வெடுக்குனு அமுக்குனா அவ்ளோ சூடு வருமுங்க. கம்ப்ரசருக்கு வேலையே அதுதான். காத்து போற பைப்புல எண்ணெய்க் கசடு சேந்துட்டா அந்தச் சூட்டுலயே பத்திக்கும். ரப்பர் ஓஸ எரிச்சிக்கிட்டு வெளிய வந்து ஓலையப் புடிச்சிருக்குது. யாரும் தீ வெக்கல."

"மன்னிச்சிருங்க அண்ணி." சென்னப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

மாதவராஜ் குழாயைச் சுரண்டிக்கொண்டே தனக்குள் பேசினார். "கம்ப்ரசர் ஆயில் ஊத்துனா இவ்ளோ கசடு சேராதே..."

காசியம்மாள் காதில் அது விழுந்தது. ஆயில் தீர்ந்து மூன்று மாதமாகிறது. பஸ் ஏறிப் போய் வாங்கச் சோம்பல்பட்டு, எல்லாம் எண்ணெய்தானே என்று சமையலுக்கு வைத்திருந்த கடலை எண்ணெயை ஊற்றி வந்தவள் அவள். யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

"கைய வுடு தம்பி," என்றாள். "தீக்குச்சிய நான் தொடலைங்கறது சத்தியம். ஆனா தீய வெச்சது நாந்தான்."