சூப்புக்கு ஒரு மனு

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தின் ஒருசந்தி நோன்பும் புலால் மறுப்பும் நோயாளிகளைக் கட்டுப்படுத்தாது என்பது திருச்சபையின் விதி. அறுபதுகளில் தாராவி மாதா கோயிலில் எழுத்து வேலை பார்த்த எனக்கு அது மனப்பாடம்.

காசநோயில் கிடந்த தோல்கிடங்குத் தொழிலாளி சவரிமுத்துவின் மனைவி வந்தாள்.

“ஐயா, ஈஸ்டர் வரைக்கும் ஆட்டுக்கால் சூப்பைத் தொடமாட்டேங்காவ. கோயில்ல சரின்னு ஒரு வார்த்தை சொன்னா குடிச்சிருவாவ.”

“வாய்ச்சொல் செல்லாதும்மா. ஆயருக்கு மனு அனுப்புறேன்.”

“சூப்பு குடிக்கவா மனு? ஆண்டவரே சிரிப்பாரு ஐயா!”

நான் சிரிக்கவில்லை. மூன்று பிரதி எழுதி, முத்திரை வைத்து அனுப்பினேன். சவரிமுத்து கீழ்ப்படிந்து காத்திருந்தார். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, குருத்து ஞாயிறன்று இறந்துபோனார்.

அந்த ஒரு வார்த்தையை நானே சொல்லியிருக்கலாம். முறை தெரிந்தவன் என்ற மிதப்பு விடவில்லை. அதற்குப் பிறகு எந்த ஈஸ்டர் விருந்திலும் எனக்குக் கறி இறங்கியதில்லை.

நோயாளிக்கு அனுமதியே தேவையில்லை என்ற ஆயரின் பதில், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை வந்தது.