குடியரசுத் தலைவரை நீக்கக் கேட்டு நான் எழுதிய மனு

அவசர நிலைக் காலத்தில் ஒரு நாள் காலையில் என் கணவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் பள்ளி ஆசிரியர், ஆசிரியர் சங்கத்தில் செயலாளர். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். வேலூர் சிறையில் இருக்கிறார் என்பதே நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப் பேகோபுரத் தெருவில் ஒரு வக்கீலிடம் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். ஹைகோர்ட்டுக்கு ஆட்கொணர்வு மனு போட அவர்தான் ஏற்பாடு செய்தார். அது நிலுவையில் இருக்கும்போதே டெல்லியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது: அவசர நிலை இருக்கும்வரை இப்படி அடைபட்டவர்களுக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்காமலே இருந்தார்.

அன்று எனக்குப் புத்தி நிலையில் இல்லை. அவசர நிலைக்குக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டேன். குடியரசுத் தலைவர் என்றார். அவரைப் பதவியிலிருந்து இறக்க வழியே இல்லையா என்று கேட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அரசியல் சட்டப் புத்தகத்தில் அறுபத்தோராவது பிரிவை எடுத்தார்.

அரசியல் சட்டத்தை மீறினார் என்ற ஒரே குற்றத்துக்குத்தான் அவரை நீக்கலாம். கோர்ட்டால் முடியாது, பார்லிமென்ட்டால்தான் முடியும். ஒரு சபையில் கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டு, பதினாலு நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்து, மூன்றில் இரண்டு பங்குப் பேர் தீர்மானத்தை ஆதரிக்க வேண்டும். பிறகு மற்ற சபை விசாரித்து, அங்கும் அதே அளவு ஆதரவு வேண்டும்.

"விசாரணைல குடியரசுத் தலைவர் நேர்ல வரலாம், வக்கீலும் வெச்சுக்கலாம். அந்த உரிமை அவருக்கு இருக்கும்மா."

"எங்க வீட்டுக்காரருக்கு அது ஏன் சார் இல்ல?"

வக்கீல் புத்தகத்தை மூடினார். மந்திரி சபை சொல்வதற்குத்தான் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போடுகிறார், அதைச் சட்டமீறல் என்று நிரூபிப்பது கஷ்டம் என்று பிறகு மெதுவாகச் சொன்னார்.

எனக்கு அது காதில் ஏறவில்லை. எதிர்க்கட்சி எம்.பி. ஒருவருக்கு, தீர்மானம் கொண்டுவரும்படி மனு எழுத உட்கார்ந்தேன். ஆபீஸ் மிஷினில் அடிக்க வேண்டாம் என்று வக்கீல் தடுத்தார். அதில் ஒரு எழுத்து சற்று மேலே ஏறி விழும். எங்கே அடித்தது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தார். அதனால் கையால் எழுதினேன். மூன்று பக்கம். கடைசியில் என் பெயரும் விலாசமும்.

இரண்டு வாரத்தில் அது பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. விசாரித்தால், அந்த எம்.பி.யும் சிறையில் இருந்தார். நோட்டீஸில் கையெழுத்துப் போட வேண்டியவர்களில் எத்தனை பேர் உள்ளே இருந்தார்களோ! ஆபீஸ் பின்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

எழுபத்தேழில் என் கணவரை விட்டார்கள். காரணம் அப்போதும் சொல்லவில்லை. மனுவைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"உன்னையும் புடிச்சிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

பிறகு அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். இனி அவசர நிலையிலும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று வக்கீல் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார். என் கணவரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். சங்கத்துக்கு அவர் திரும்பிப் போகவேயில்லை. போங்கள் என்று சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.